ஒரே நாய், இரண்டு பால்: ரஷ்ய மொழியும் உக்ரைனிய மொழியும் தொடங்குவோருக்கு ஒரு சொல் வழிகாட்டி

ரஷ்யாவில் நாய் வளர்க்கும் வீட்டு கேட்டில் "அஸ்தரோஜ்ன, ஸ்லாயா ஸபாக்கா" என்று எழுதியிருக்கும். உக்ரைனில் அதே மாதிரி கேட்டில் "ஒபெரெஜ்னொ, ஸ்லிய் ஸொபாக்கா" என்று இருக்கும். இரண்டுமே நம்மூர் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகைதான். முதல் சொல் 'கவனம்', கடைசிச் சொல் 'நாய்'. நடுவில் இருப்பது 'பொல்லாத' என்று பொருள்படும் பெயரடை. அந்த நடுச்சொல்லைக் கவனியுங்கள். ரஷ்யப் பலகையில் அது பெண்பால், உக்ரைனியப் பலகையில் ஆண்பால். நாயைக் குறிக்கும் சொல்லோ இரண்டிலும் அதே ஆறு எழுத்து, அதே வரிசை.

இந்த இரண்டு மொழிகளில் ஒன்றைத் தொடங்குகிறவர்களுக்கும், ஒன்று தெரிந்து மற்றதற்கு மாறுகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. மருத்துவம் படிக்க ரஷ்யா போகிற தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரிக்கு முன்பு கார்கிவ், வின்னித்ஸியா, தெர்னோபில் போன்ற உக்ரைன் நகரங்களில் படித்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மொழியும் காதில் கலந்து விழுந்தவர்களுக்கு 'ஸபாக்கா' நல்ல தொடக்கம். தினசரிச் சொல், நூறு இடத்தில் வரும். ஒலி, பால், வேற்றுமை, சொல்லின் பிறப்பு என்று இரண்டு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்பதை இந்த ஒரு சொல்லை வைத்தே காட்டிவிடலாம்.

என் பரிந்துரை ஒன்றே ஒன்றுதான்: பெயர்ச்சொல்லை ஒருபோதும் தனியாகப் படிக்காதீர்கள். ஒரு பெயரடையோடும் ஒரு வினையோடும் சேர்த்துப் படியுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: எழுத்தும் ஒலியும்

இரண்டு மொழிக்கும் பொதுவான சிரில் எழுத்தில் இந்தச் சொல்லை எழுதுவது சுலபம். ஆங்கில 'சி' வடிவில் ஒரு எழுத்து, அது 'ஸ்'. அடுத்து 'ஓ'. அப்புறம் 6 என்ற எண்ணைப் போல ஒன்று; அதன் ஒலி 'அன்பு' என்று சொல்லும்போது வரும் 'ப்'. பிறகு 'ஏ', 'கே', 'ஏ' வடிவங்கள், அவை முறையே அ, க், அ. இரண்டு மொழியிலும் அழுத்தம் நடு அசையில்தான்: பா.

வேறுபாடு முதல் உயிரில் இருக்கிறது. ரஷ்யத்தில் அழுத்தம் விழாத 'ஒ' தன் உருவை இழந்து 'அ' போல ஒலிக்கும். அதனால் எழுத்தில் 'ஒ' இருந்தாலும் வாயில் 'ஸபாக்கா'. உக்ரைனியத்தில் 'ஒ' எங்கே இருந்தாலும் 'ஒ'தான்: 'ஸொபாக்கா'. பக்கத்து மொழியான பெலாரஸியத்திலும் ரஷ்யத்தைப் போலவே 'ஸபாக்கா' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்கிறபடியே 'அ' போட்டு எழுதிவிடுகிறார்கள். அங்கும் நாய் ஆண்பால் என்பதைச் சேர்த்தே நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

இன்னொரு ஒலி: ஆங்கில 'என்' எழுத்தைத் திருப்பிப் போட்டது போன்ற ஓர் உயிரெழுத்து இரண்டு மொழிக்கும் பொது. ரஷ்யத்தில் அது தெளிவான 'இ'. உக்ரைனியத்தில் அது இகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட, சற்றுத் தளர்ந்த ஒலி. 'நாய்கள்' என்பதை இரண்டிலும் ஒரே மாதிரி எழுதினாலும், ரஷ்யர் சொல்லும் 'ஸபாக்கி'யின் கடைசி ஒலியும் உக்ரைனியர் சொல்லும் 'ஸொபாக்கி'யின் கடைசி ஒலியும் வேறு. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. பதிவு ஒன்றைக் கேட்டுக் காதைப் பழக்குங்கள். அதேபோல இங்கே நான் 'ஸ்' என்று எழுதும் இடங்களில் சிலவற்றில் அது அதிர்வுள்ள ஒலி. 'ஸ்லாயா', 'ஸ்லிய்' என்பவற்றின் தொடக்கம் தேனீயின் ரீங்காரம் போல அதிர வேண்டும்.

இரண்டாம் படி: பாலைப் பிடியுங்கள்

தமிழில் நாய்க்கு இந்தச் சிக்கலே இல்லை. நாய் அஃறிணை. குரைத்தது, ஓடியது, கடித்தது, அவ்வளவுதான். ஆண் நாயா பெண் நாயா என்று வினைமுற்று கேட்பதில்லை. நம் இலக்கணத்தில் பால் பொருளைப் பார்த்து வருவது. ரஷ்யத்திலும் உக்ரைனியத்திலும் நாற்காலிக்கும் ஜன்னலுக்கும்கூட ஆண்பால், பெண்பால், இரண்டுமல்லாத பால் என்று ஏதோ ஒன்று உண்டு. பெரும்பாலும் சொல்லின் கடைசி எழுத்து அதைக் காட்டிக்கொடுக்கும். 'அ'வில் முடிந்தால் பெண்பால், மெய்யில் முடிந்தால் ஆண்பால், 'ஒ'வில் முடிந்தால் மூன்றாவது. முதல் வாரத்தில் எல்லோரும் கற்கிற விதி இது.

ரஷ்ய நாய் இந்த விதிக்கு அடங்கிய நாய். 'அ'வில் முடிகிறது, ஆகவே பெண்பால். பெரிய நாய் என்றால் 'பல்ஷாயா ஸபாக்கா'. அதைச் சுட்டும்போது 'அனா', அதாவது 'அவள்'. தெருவில் நிற்பது ஆண் நாயாக இருந்தாலும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் பெண்பால்தான்.

உக்ரைனிய நாயும் 'அ'வில்தான் முடிகிறது, ஆனால் ஆண்பால். பெரிய நாய் 'வெலிக்கிய் ஸொபாக்கா'. சுட்டும்போது 'வின்', அதாவது 'அவன்'. அகராதிகள் ஆண்பாலை முதலில் வைத்து, பெண்பாலை அரிய வழக்காகக் குறிக்கின்றன. நடைமுறையில் உக்ரைனில் பெண்பாலாகச் சொல்வதையும் கேட்பீர்கள். ரஷ்யத்தின் தாக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. இரண்டும் கலந்த பேச்சுக்கு 'சுர்ஜிக்' என்று தனிப் பெயரே உண்டு. கேட் பலகைகளிலும் பெண்பால் பெயரடை தென்படும். கற்கிறவர் ஆண்பாலைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு. எழுத்துத் தேர்விலும், செய்தித்தாளிலும், கவனமாகப் பேசுகிறவர் வாயிலும் அதுதான் இருக்கும்.

'அ'வில் முடியும் ஆண்பால் என்பது புதிரானது அல்ல. ரஷ்யத்தில் தாத்தா 'தேதுஷ்கா', அப்பா 'பாப்பா', ஆண் 'முஷீனா'. எல்லாம் 'அ'வில் முடியும் ஆண்பால் சொற்கள். ரஷ்யம் தெரிந்து உக்ரைனியம் கற்கிறீர்களா? உக்ரைனிய நாயை ரஷ்யத் தாத்தா போல நடத்துங்கள். பெயர்ச்சொல் பெண்பால் சொற்களின் உருபுகளை எடுத்துக்கொள்ளும். அதன் முன்னால் வரும் பெயரடையும் பின்னால் வரும் வினையும் ஆண்பாலில் நிற்கும். வேற்றுமைப் படிக்கு வரும்போது இந்த ஒரு குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

அகராதியில் எங்கே பார்ப்பது? ரஷ்ய அகராதியில் ஆண்பாலுக்கு 'எம்' என்ற எழுத்துச் சுருக்கம், உக்ரைனிய அகராதியில் 'ச்' ஒலிக்கான எழுத்து. ஆண் என்பதற்கு ரஷ்யத்தில் 'முஷ்ஸ்கோய்', உக்ரைனியத்தில் 'சொலொவீச்சிய்' என்பதால் இந்த வேறுபாடு. பெண்பாலுக்கு இரண்டிலும் ஒரே எழுத்துதான். வண்டு கால் பரப்பியது போல ஆறு கோடுகள் கொண்ட எழுத்து. 1970 முதல் 1980 வரை வெளிவந்த 11 தொகுதி உக்ரைனிய அகராதி இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சந்தேகம் வந்தால் அதைத் திறந்து இந்தச் சுருக்கத்தை மட்டும் பாருங்கள்.

மூன்றாம் படி: வினையும் எண்ணும்

இறந்தகால வினை இரண்டு மொழியிலும் பாலைக் காட்டும். நாய் குரைத்தது: ரஷ்யத்தில் 'ஸபாக்கா லாயலா', உக்ரைனியத்தில் 'ஸொபாக்கா ஹவ்கவ்'. முன்னதின் 'லா' பெண்பால், பின்னதின் 'வ்' ஆண்பால்.

மருத்துவ மாணவருக்கு இதைவிட முக்கியமான வாக்கியம் ஒன்று இருக்கிறது. 'என்னை நாய் கடித்துவிட்டது' என்று நோயாளி வந்து நிற்பார். ரஷ்யம் பேசுகிறவர் "மின்யா உக்குஸீலா ஸபாக்கா" என்பார். உக்ரைனியம் பேசுகிறவர் "மெனெ வ்குஸிவ் ஸொபாக்கா" என்பார். இரண்டாவதில் ஆண்பால் வினையைக் கேட்டதும், 'கடித்தது யாரோ ஒரு ஆளா?' என்று குழம்ப வேண்டாம். நாய்தான். வெறிநாய்க்கடி நோய்க்கு இரண்டு மொழியிலும் முற்றிலும் வேறு சொற்கள்: ரஷ்யத்தில் 'பேஷென்ஸ்த்வ', உக்ரைனியத்தில் 'ஸ்கஸ்'. இந்த நான்கையும் ஒரே அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

எண்களிலும் பால் எட்டிப் பார்க்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும்தான். ரஷ்யத்தில் 'அத்னா ஸபாக்கா, த்வே ஸபாக்கி'. உக்ரைனியத்தில் 'ஒதின் ஸொபாக்கா, த்வா ஸொபாக்கி'. ஐந்து முதல் இரண்டு மொழியும் ஒன்றுசேர்ந்துவிடும்: 'ப்யாத் ஸபாக்', 'ப்யாத் ஸொபாக்'. கடைசி உயிர் உதிர்ந்து சொல் மெய்யில் நிற்கிறது. இது 'நாய்களின்' என்ற ஆறாம் வேற்றுமைப் பன்மை வடிவம். ஐந்தும் அதற்கு மேலும் எண்ணும்போது, 'நாய்களில் ஐந்து' என்ற பாங்கில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வேற்றுமை

தமிழ் படித்தவர்களுக்கு வேற்றுமை பயமுறுத்தும் விஷயம் அல்ல. எட்டு வேற்றுமை நமக்குப் பள்ளியிலேயே பழக்கம். ரஷ்யத்தில் ஆறு, உக்ரைனியத்தில் ஏழு. உக்ரைனியத்தில் கூடுதலாக இருப்பது விளி வேற்றுமை. 'மகனே', 'கண்ணா' என்று அழைக்கும்போது சொல் மாறுவது நமக்குத் தெரிந்ததுதானே. உக்ரைனியத்தில் நாயை அழைத்தால் 'ஸொபாக்கொ!' ரஷ்யம் தன் பழைய விளி வடிவங்களை இழந்துவிட்டது. 'போஜெ' (கடவுளே) போன்ற சில எச்சங்கள் மட்டுமே மிச்சம்.

பாடப்புத்தகங்கள் முழு அட்டவணையைத் தூக்கி முன்னால் வைக்கும். அதை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேசும்போது அட்டவணை நினைவுக்கு வராது, வாக்கியம்தான் வரும். கீழே உள்ள வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

என்னிடம் நாய் இல்லை. ரஷ்யம்: 'உ மின்யா நியெத் ஸபாக்கி.' உக்ரைனியம்: 'உ மெனெ நெமாயெ ஸொபாக்கி.' இல்லாத பொருள் ஆறாம் வேற்றுமையில் வருகிறது. நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் இரண்டு மொழியும் இதில் ஒத்துப்போகின்றன.

பெரிய நாயைப் பார்க்கிறேன். ரஷ்யம்: 'யா வீஜு பல்ஷூயு ஸபாக்கு.' உக்ரைனியம்: 'யா பாச்சு வெலிக்கொஹொ ஸொபாக்கு.' இங்கே நில்லுங்கள், இதுதான் முக்கியமான இடம். நாய் என்ற சொல் இரண்டிலும் 'உ'வில் முடிகிறது. ரஷ்யப் பெயரடையும் அதே போல 'உ' ஒலியோடு பெண்பாலில் இசைந்து போகிறது. உக்ரைனியப் பெயரடையோ 'ஒஹொ' என்று ஆண்பாலில் நிற்கிறது. காதுக்கு முதலில் இரண்டும் ஒட்டாதது போல இருக்கும். மேலே சொன்ன ரஷ்யத் தாத்தாவை நினைத்துப் பாருங்கள்: வயதான தாத்தாவைப் பார்க்கிறேன் என்பது 'யா வீஜு ஸ்தாரவ தேதுஷ்கு'. அதே அமைப்புதான்.

நாய்க்குத் தண்ணீர் கொடு. ரஷ்யம்: 'தாய் ஸபாக்கெ வதீ.' உக்ரைனியம்: 'தாய் ஸொபாத்ஸி வொதி.' உக்ரைனியத்தில் 'க்' காணாமல் போய் 'த்ஸ்' வந்திருக்கிறது. இது பிழையல்ல, விதி. நான்காம் வேற்றுமையிலும் இட வேற்றுமையிலும் உக்ரைனியம் தொண்டையில் பிறக்கும் ஒலிகளை மாற்றிவிடும். கை 'ருக்கா', கைக்கு 'ருத்ஸி'. கால் 'நொஹா', காலுக்கு 'நொஸி'. ஈ 'முஹா', ஈக்கு 'முஸி'. பழைய ஸ்லாவிக் மொழியில் வேற்றுமை உருபின் முன்னுயிர் தன் முன்னால் நின்ற 'க்' ஒலியைப் பல்லுக்குத் தள்ளியதால் வந்த மாற்றம் இது. உக்ரைனியமும் பெலாரஸியமும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ரஷ்யம் பின்னாளில் எல்லா வடிவங்களையும் 'க்' பக்கமே சமன்படுத்திவிட்டது. வடக்கே நோவ்கொரொத் பகுதியின் பழைய பேச்சில் இந்த மாற்றம் முதலிலேயே நடக்கவில்லை என்பதும் இப்போது தெரிகிறது. 1951 முதல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டு வரும் பூர்ஜமரப் பட்டைக் கடிதங்கள் அதற்குச் சாட்சி. சாதாரண மக்கள் கடன் கணக்கும் வீட்டு விஷயமும் கீறி எழுதிய பட்டைகள் அவை. மொழி வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்க வேண்டியவை.

ரஷ்யத்தில் 'நாய்க்கு' என்பதை 'எ' போட்டு எழுதினாலும், அழுத்தம் இல்லாததால் அது பேச்சில் 'ஸபாக்கி'க்கு மிக அருகில் ஒலிக்கும். காதுக்கு 'நாயின்', 'நாய்க்கு' இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். வாக்கியத்தை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

நாயோடு உலாவுகிறேன். ரஷ்யம்: 'குல்யாயு ஸ் ஸபாக்கொய்.' உக்ரைனியம்: 'ஹுல்யாயு ஸ் ஸொபாக்கொயு.' பெரிய நாயோடு என்றால் ரஷ்யத்தில் 'ஸ் பல்ஷோய் ஸபாக்கொய்', உக்ரைனியத்தில் 'ஸ் வெலிக்கிம் ஸொபாக்கொயு'. மறுபடி அதே கதை. வினையின் முதல் எழுத்து இரண்டு மொழியிலும் ஒன்றுதான், ரஷ்யர் அதை 'க' என்கிறார், உக்ரைனியர் 'ஹ' என்கிறார்.

நாயைப் பற்றி. ரஷ்யம்: 'அ ஸபாக்கெ.' உக்ரைனியம்: 'ப்ரொ ஸொபாக்கு.' இங்கே வேற்றுமையே மாறிவிடுகிறது. 'பற்றி' என்பதற்கு ரஷ்யம் வழக்கமாக எடுக்கும் முன்னிடைச்சொல் இட வேற்றுமையை ஏற்கும், உக்ரைனியச் சொல் செயப்படுபொருள் வேற்றுமையை ஏற்கும். ரஷ்யத்திலிருந்து உக்ரைனியத்துக்கு மாறுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடங்களில் இது ஒன்று.

பன்மை எளிது. நாய்களுக்கு, நாய்களோடு, நாய்களில் என்பவை இரண்டிலும் ஒரே உருபுகள்: 'அம்', 'அமி', 'அஹ்'.

ஐந்தாம் படி: உயிர் உள்ளதா, இல்லையா

நாம் உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறோம். நாய் நமக்கு அஃறிணைப் பக்கம். அதனால்தான் 'நாயைப் பார்த்தேன்' என்றும் சொல்லலாம், 'நாய் பார்த்தேன்' என்று உருபை விட்டும் சொல்லலாம். 'அம்மா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. ரஷ்யமும் உக்ரைனியமும் கோட்டை வேறு இடத்தில் போடுகின்றன. அங்கே பிரிவு அறிவை வைத்து இல்லை, உயிரை வைத்து. நாய் மனிதரோடு சேர்ந்து உயிருள்ளவற்றின் பக்கம் போய்விடுகிறது.

நாய்களைப் பார்க்கிறேன் என்னும்போது இது தெரியும்: 'வீஜு ஸபாக்', 'பாச்சு ஸொபாக்'. ஐந்து நாய் எண்ணும்போது பார்த்த அதே ஆறாம் வேற்றுமை வடிவம். உயிரில்லாத பொருள்களானால், புத்தகங்களைப் பார்க்கிறேன் என்பதில் புத்தகங்கள் எழுவாய் வடிவத்திலேயே நிற்கும். நாயை அஃறிணை என்று உள்ளூர நினைத்துக்கொண்டே பேசினால் இந்த இடத்தில் தவறு வரும்.

ஆறாம் படி: சொல் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது

இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடலாம். மூலத்தை அறிவது இலக்கணத்துக்கு நேரடியாக உதவாது, ஆனால் சொல் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சொல்லின் பிறப்பை ஆராயும்போது முதலில் உடன்பிறப்புகளைக் கேட்க வேண்டும். ஸ்லாவிக் மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக நாய்க்கு ஒரு பழைய சொல் உண்டு. போலிஷ், செக், செர்பியம் எல்லாவற்றிலும் அதன் வடிவங்கள் வழங்குகின்றன. ரஷ்யத்தில் 'ப்யோஸ்', உக்ரைனியத்தில் 'பெஸ்'. இரண்டிலும் ஐயமில்லாத ஆண்பால். 'ஸபாக்கா' அன்றாட முதன்மைச் சொல்லாக இருப்பது ரஷ்யம், உக்ரைனியம், பெலாரஸியம் என்ற கிழக்குக் கிளையில் மட்டும்தான். பொதுச் சொல் ஒன்று இருக்க, ஒரு கிளையில் மட்டும் புதுச் சொல் தலையெடுத்தால், அண்டை மொழியிலிருந்து வந்த கடனோ என்று பார்ப்பதே அடுத்த வேலை.

அண்டையில் யார் இருந்தார்கள்? கருங்கடலுக்கு வடக்கே பரந்த புல்வெளியில் ஸ்கித்தியர், சர்மாத்தியர் என்று ஈரானியக் கிளை மொழி பேசிய மக்கள் வாழ்ந்தார்கள். தோன், த்னிப்ரோ, த்னிஸ்தர் என்ற பெரிய ஆறுகளின் பெயர்களிலேயே ஆற்றைக் குறிக்கும் ஈரானியச் சொல் ஒளிந்திருக்கிறது. அவர்களுக்குப் பின் அதே வெளியில் துருக்கிய மொழி பேசியவர்கள் வந்தார்கள். எனவே இரண்டு கருதுகோள்கள்.

முதலாவது, பரவலாக ஏற்கப்படும் ஈரானியக் கருதுகோள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ், பாரசீகப் பேரரசன் சைரஸின் குழந்தைப் பருவக் கதையைச் சொல்லும்போது ஒரு மாட்டிடையனின் மனைவியைக் குறிப்பிடுகிறார். அவள்தான் சைரஸை வளர்த்தவள். அவள் பெயர் கிரேக்கத்தில் 'கீனோ', பழைய ஈரானிய மக்களான மீதியரின் மொழியில் 'ஸ்பாகோ'. ஏனென்றால் மீதியர்கள் நாயை 'ஸ்பாகா' என்பார்கள் என்று எழுதுகிறார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் குறிப்பு. இன்னொரு பழைய ஈரானிய மொழியான அவெஸ்தா மொழியிலும் நாய் 'ஸ்பா'. இதன் பிற்கால ஈரானிய வடிவம் ஒன்று, 'ஸ்' க்கும் 'ப்' க்கும் நடுவே உயிர் பெற்று, ஸ்லாவியர் காதுக்கு எட்டியது என்பது வாதம். ஹைடல்பெர்க்கில் 1950களில் ரஷ்யச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்ட மாக்ஸ் ஃபாஸ்மர் இந்தப் பக்கம் நிற்கிறார்.

இந்த 'ஸ்பா' தமிழ் வாசகருக்கு அந்நியமல்ல. சமஸ்கிருதத்தின் 'ச்வ' இருக்கும் இடத்தில் ஈரானியக் கிளை 'ஸ்ப' வைக்கும். குதிரைக்கு அங்கே 'அச்வ', இங்கே 'அஸ்ப'. நாய்க்கு அங்கே 'ச்வன்', இங்கே 'ஸ்பன்'. நம் பழைய நூல்களில் நாய்க்கு வழங்கும் 'சுவானம்' அந்த 'ச்வன்' வழியாக வந்ததுதான். ஆக ஈரானியக் கருதுகோள் சரியென்றால், மாஸ்கோ கேட்டில் தொங்கும் பலகைக்கும் நம் நிகண்டில் இருக்கும் சுவானத்துக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே. லத்தீன் 'கானிஸ்', லித்துவேனிய 'ஷுஓ' ஆகியவையும் இதே குடும்பம். ஸ்லாவிக் மொழிகள் இந்தப் பழைய வேரைக் கைவிட்டு வேறு சொல்லுக்கு மாறியிருந்தன. கைவிட்ட வேரே அண்டை வீட்டார் வழியாக அவற்றில் ஒரு கிளைக்குத் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு இந்தச் சொல்லின் கதையில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

இரண்டாவது, துருக்கியக் கருதுகோள். நாய்க்குத் துருக்கிய மொழிகளில் 'கோபெக்' போன்ற வடிவம் உண்டு. ஃபாஸ்மரின் அகராதியை ரஷ்யத்தில் மொழிபெயர்த்த ஒலேக் துருபச்சோவ், 1960இல் வீட்டு விலங்குகளின் ஸ்லாவிக் பெயர்களைப் பற்றிய தன் நூலில் இந்தப் பக்கம் வாதிட்டார். பின்பகுதி பொருந்துகிறது, தொடக்கத்தில் 'க்' எப்படி 'ஸ்' ஆனது என்பதுதான் இதற்கு இருக்கும் தடை. நான் ஈரானியப் பக்கம் சாய்கிறேன். ஆனால் கற்கிறவர் இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒலி ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து எந்தச் சொல்லுக்கும் மூலம் சொல்லிவிடக் கூடாது. அந்த ஒத்துப்போதல் வேறு சொற்களிலும் ஒழுங்காக நடக்கிறதா, அந்த மக்கள் உண்மையில் சந்தித்தார்களா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பழகுங்கள். 'அச்வ–அஸ்ப' என்ற இணை இல்லாமல் 'ச்வன்–ஸ்பன்' என்பதை நம்புவதற்கு ஆதாரம் குறைவு.

ஏழாம் படி: சொல்லின் பிள்ளைகள்

சிறுமை விகுதி சேர்ந்தால் 'க்' 'ச்' ஆகும்: ரஷ்யத்தில் 'ஸபாச்கா', உக்ரைனியத்தில் 'ஸொபாச்கா'. இங்கே ஒரு திருப்பம். உக்ரைனியத்தில் பெரிய நாய் ஆண்பால் என்றாலும், குட்டியான 'ஸொபாச்கா' பெண்பால். நாய்க்குரிய என்ற பெயரடை 'ஸபாச்சிய்', 'ஸொபாச்சிய்'. நாய்க்குட்டிக்கு இரண்டு மொழியும் வேறு சொல்லுக்குப் போய்விடும்: ரஷ்யத்தில் 'ஷெனோக்', உக்ரைனியத்தில் 'த்ஸுத்ஸென்யா'. பின்னது இரண்டுமல்லாத பால், பன்மையில் 'த்ஸுத்ஸென்யாத்தா'.

மின்னஞ்சல் முகவரி சொல்லும்போதும் நாய் வரும். முகவரியின் நடுவில் இருக்கும் வட்டமிட்ட 'ஏ' குறிக்கு ரஷ்யத்தில் பெயரே 'ஸபாக்கா'. வங்கியிலோ கல்லூரி அலுவலகத்திலோ முகவரி கேட்டு, நீங்கள் சொல்லும்போது அவர் "ஸபாக்கா?" என்றால் திகைக்காதீர்கள். உக்ரைனியத்தில் அதையே பலர் 'ராவ்லிக்', அதாவது நத்தை என்பார்கள். அங்கேயும் நாய் என்றால் புரிந்துகொள்வார்கள்.

மரபுத்தொடர்களில் ஒன்று மட்டும் போதும், அது பாலை மறக்கவிடாது. 'விஷயத்தின் மர்மம் இங்கேதான் இருக்கிறது' என்பதற்கு 'நாய் புதைந்திருப்பது இங்கேதான்' என்று சொல்வார்கள். ஜெர்மன் மொழியிலிருந்து வந்த தொடர். ரஷ்யம்: 'வோத் க்த்யே ஸபாக்கா ஸரித்தா.' உக்ரைனியம்: 'ஒஸ் தெ ஸொபாக்கா ஸரித்திய்.' முன்னது பெண்பாலில் முடிகிறது, பின்னது ஆண்பாலில். ஒரு நாளைக்கு இரண்டு முறை இவற்றை அடுத்தடுத்துச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: இதே முறையை அடுத்த சொற்களுக்குக் கொண்டுபோவது

இரண்டு மொழியிலும் உருவம் ஒத்து, பால் மாறும் சொற்கள் இன்னும் நிறைய. புல்வெளி ரஷ்யத்தில் 'ஸ்த்யேப்' பெண்பால், உக்ரைனியத்தில் 'ஸ்தெப்' ஆண்பால். சைபீரியா ரஷ்யத்தில் பெண்பால், உக்ரைனியத்தில் ஆண்பால். முகவரி ரஷ்யத்தில் 'ஆத்ரிஸ்' ஆண்பால், உக்ரைனியத்தில் 'அத்ரெஸா' பெண்பால். பாதை என்று பொருள்படும் 'புத்' ரஷ்யத்தில் ஆண்பால், உக்ரைனியத்தில் பெண்பால். படிவங்களில் தினமும் சந்திக்கும் கையெழுத்து ரஷ்யத்தில் 'போத்பிஸ்' பெண்பால், உக்ரைனியத்தில் 'பித்பிஸ்' ஆண்பால்.

மருத்துவம் படிக்கிறவர்கள் 'வலி'யிலிருந்து தொடங்குங்கள். ரஷ்யத்தில் 'போல்', பெண்பால். உக்ரைனியத்தில் 'பில்', ஆண்பால். கடுமையான வலி என்பதை 'ஸீல்னயா போல்', 'ஸில்னிய் பில்' என்று பெயரடையோடு சேர்த்து ஒரு அட்டையில் எழுதுங்கள். அதே அட்டையின் பின்பக்கம் 'வலி இல்லை', 'வலியோடு', 'வலியைப் பற்றி' என்ற மூன்று வாக்கியங்களை இரண்டு மொழியிலும் அமைத்துப் பார்த்து, தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.